கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஆறுமுகநேரி உப்பளங்கள் வருவதற்குள் கேட்டுவிடலாம் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்திருந்தார். உப்பளங்கள் வந்தன, வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தன, போயும் விட்டன. கேள்வி மட்டும் நாக்குக்கு அடியில் பாக்குத் துண்டு மாதிரி கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக இரண்டு ஒற்றை இருக்கைகள். எதிர் இருக்கையில் அவர் மனைவி சொர்ணம், மடியில் அவள் தங்கை வடிவு கொடுத்தனுப்பிய முறுக்குச் சம்படத்தோடு. வண்டி மேற்கே திரும்பியதும் சாயங்கால வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. முகத்தில் என்று சொன்னால் சரியில்லை, கண்ணாடியில் விழுந்தது. இரண்டு வட்டத்திலும் தகடு அடித்த மாதிரி வெறும் வெளிச்சம். அதற்குப் பின்னால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தன்னைப் பார்க்கிறதா பனைமரத்தைப் பார்க்கிறதா, ஒரு மண்ணும் தெரியவில்லை. இப்படி ஒரு முகத்திடம் என்னத்தைக் கேட்பது, கேட்டால் பதில் எங்கிருந்து வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இடம் மாறி உட்காரலாம்தான். ஆனால் மாறினால் வெயில் அவர் முகத்தில் விழும். திருச்செந்தூரில் காலி வண்டியில் ஏறி, எஞ்சின் பக்கம் முதுகு இருக்கிற இந்த இருக்கையை அவரேதான் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கல்யாண வீடானாலும் ஓட்டலானாலும் வெளிச்சத்துக்கு முதுகைக் கொடுத்து உட்காருவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமில்லை.

எல்லாம் இந்த வடிவு வாயைத் திறந்ததால் வந்த வினை. அவளுடைய புது வீட்டுப் பால்காய்ப்பு முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள், இலையில் அவியல் விழுந்துகொண்டிருந்தது, பேச்சு எப்படியோ பழைய கல்யாணங்கள் பக்கம் போனது. வடிவு கையில் கரண்டியோடு நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "அத்தானுக்கு இன்னமும் தெரியாதோ? நீங்க பொண்ணு பாக்க வந்தீயள்ளா, அன்னைக்கு அம்மா அக்கா கண்ணாடியப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வச்சுட்டா. அக்காவுக்கு எதிர்ல இருக்கது ஆளா தூணான்னு தெரியாது. கையில காப்பித் தட்டு வேற. நாந்தான் பின்னால நின்னு இடுப்பக் கிள்ளிக் கிள்ளி வழி காட்டுனேன்!" பந்தியே சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார், மற்றவர்களை விடச் சத்தமாகவே சிரித்தார், சிரித்ததில் ஒரு பருக்கை மூக்கில் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் மட்டும் வந்தது, "சும்மா கெடளா" என்று. அவ்வளவுதான். அதற்கப்புறம் பாயசம் வந்தது, குடித்தார், ருசி தெரியவில்லை. கண்ணாடி கல்யாணத்துக்கு அப்புறம் வந்தது என்றல்லவா அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தலைவலி, தலைவலி என்று படுத்தாள், மாமனார் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார், கண்ணாடியோடு திரும்பினாள், மூன்று மாதப் புதுப்பெண்ணுக்குக் கண்ணாடியா என்று அம்மா கொஞ்சம் முணுமுணுத்தாள், அதோடு சரி. இவ்வளவு வருஷமாக அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கும் என்று தோன்றியதே இல்லை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவர், சாயம் போகிற துணியைத் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார், சொந்த வீட்டுச் சாயம் தெரியவில்லை.

தெரியாமல் போனதில் அவருக்குக் கோபமில்லை. அவர்கள் கண்ணாடியை ஒளித்தார்கள் என்றால் இவர்கள் மட்டும் என்ன யோக்கியம். ஆறு வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். உயிரை விட்டுவிட்டு முகத்தை மட்டும் கொத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் ஸ்டுடியோக்காரன் பென்சிலால் ஒவ்வொரு குழியையும் தூர்த்து, கன்னத்தை நாதஸ்வரக்காரர் கன்னம் மாதிரி மினுமினு என்று ஆக்கியிருந்தான். அந்தப் படத்தைப் பார்த்து அம்மா அழுதாள். அப்படியொரு மகன் அவளுக்குப் பிறந்திருக்க வேண்டியவன். அதனால் சம்பந்தம் சரிக்குச் சரியாகத்தான் நடந்திருக்கிறது, கணக்குத் தீர்ந்தது. கோபம் அதில் இல்லை. அந்தப் பார்வைதான். காப்பித் தட்டோடு வந்து நின்றவள் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. மனிதர்கள் அவர் முகத்தைப் பார்க்கும் விதம் அவருக்கு மனப்பாடம். கண் வந்து கன்னத்தில் படும், பட்டவுடன் ஒரு சறுக்கு, சறுக்கி காதுப் பக்கமோ தோள் பக்கமோ போய் நின்று, அங்கிருந்து பேசும். நல்லவர்கள் சீக்கிரம் சறுக்குவார்கள், குழந்தைகள் சறுக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் பார்த்த இரண்டு பெண்களும் சறுக்கினவர்கள்தான், ஜாதகம் பொருந்தவில்லை என்று வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். சொர்ணம் சறுக்கவில்லை. பெரிய கண், அகலமாகத் திறந்து, இமைக்காமல், நேருக்கு நேர், அந்த முகத்தின் ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்து, பார்த்த பிறகும் விலகாமல் அங்கேயே நின்ற கண். அம்மாவின் காதில் உடனே சொன்னார், இந்தப் பெண்தான் என்று. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, வருஷக்கணக்காகப் பார்க்காத கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது என்று. எதிரே இருப்பது ஆளா தூணா என்று அவளுக்குத் தெரியவில்லை. தூணைப் பார்த்த பார்வையைத்தான் அவர் எடுத்துக்கொண்டு வந்து இத்தனை வருஷம் வீட்டுக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

குரும்பூரில் வண்டி நின்றது. சுண்டல் விற்கிறவர் ஒருவர் ஏறி, யாரும் வாங்காமல், இறங்கிப் போனார். அந்த முதல் மூன்று மாதம் இருக்கிறதே, இப்போது அதை எடுத்து விரித்துப் பார்த்தால் எங்கு தொட்டாலும் கிழிகிறது. அடுப்பில் கை சுட்டுக்கொண்டே இருந்தாள், புதுசு, பழக்கமில்லை என்று நினைத்தார். தெருவில் எதிரே வந்த சித்தப்பாவைக் கண்டுகொள்ளாமல் போனாள், கூச்சம் என்று நினைத்தார். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் திரையை விட்டுவிட்டு அவர் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள், ஆசை என்று நினைத்தார், அட கிறுக்கா, ஆசை என்று நினைத்தாயே. அவர் பேசினால் அந்தப் பெரிய கண் வந்து முகத்தில் நிற்கும், பேசி முடிக்கிற வரைக்கும் நகராது. வாழ்க்கையில் அவர் அதிகமாகப் பேசியது அந்த மூன்று மாதத்தில்தான். கடைக்கதை, சின்ன வயதுக்கதை, இல்லாத கதை எல்லாம் பேசினார். இருட்டில் அவள் கை அவர் கன்னத்துக்கு வரும்போது மட்டும் பிடித்து எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வார். பார்த்தால் போதும், தொட்டுப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது அவருக்கு. அப்புறம் கண்ணாடி வந்தது. அந்தச் சாயங்காலம் கடையிலிருந்து வந்தார், நடையில் நின்றிருந்தாள், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, நல்லாருக்கா என்று கேட்டாள், ம் என்றார். சுவரில் ஆணி, ஆணியில் சட்டை, பக்கத்தில் முருகன் காலண்டர், அதில் மயிலின் கழுத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதெல்லாம் இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. அவள் முகம்தான் நிற்கவில்லை. அவள் பார்த்தாள், பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பார்வை வரவேயில்லை. என்ன தப்புச் செய்தோம், எந்த வார்த்தை குத்திவிட்டது என்று அவர் துழாவாத நாளில்லை. பதில் இன்றைக்குப் பந்தியில் அவியலோடு வந்து விழுந்தது. தப்பு ஒன்றும் செய்யவில்லையடா, உன்னைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான்.

கண்ணாடி போட்டவர்களிடம் பேசுவது என்பதே அவருக்கு எப்போதும் ஒரு தொல்லை. எங்கே பார்ப்பது? ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் பார்க்க முடியும். இடது கண்ணைப் பார்த்தால் வலது கண் தனியாக நின்று வேவு பார்க்கிற மாதிரி இருக்கும், அதைக் கவனிக்கப் போனால் இது நழுவும். கடை முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேல் வழியாகப் பார்ப்பார், அப்படிப் பார்த்தார் என்றால் யாருக்கோ வேலை போகப் போகிறது. சேலை எடுக்க வருகிற டீச்சரம்மாக்கள் தாடையைத் தூக்கிக் கீழ் வழியாகப் பார்ப்பார்கள், அவர்கள் பார்ப்பது பார்டரை, இவரை இல்லை, அதனால் நிம்மதி. சேலைப் பிரிவில் அந்த நிம்மதி உண்டு. அவரும் துணியைப் பார்த்துப் பேசுவார், அவர்களும் துணியைப் பார்த்துப் பேசுவார்கள், நடுவில் ஒரு பட்டுச்சேலை விரிந்து கிடக்கும். ஆனால் சில சமயம் யாராவது விலை கேட்டு சட்டென்று நிமிர்ந்துவிடுவார்கள். அப்போது அந்த இரண்டு கண்ணாடிச் சில்லிலும் ட்யூப்லைட்டுக்கு அடியில் குட்டிக் குட்டியாக இரண்டு ஆவுடையப்பன்கள் நின்று கையில் சேலையோடு அவரையே பார்ப்பார்கள். சொர்ணத்தின் கண்ணாடி தடிமன். அதற்குள் அவள் கண் சுண்டிப்போய், எங்கேயோ கிணற்றுக்குள் இருப்பது மாதிரி சின்னதாக இருக்கும். அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. அவளிடம் பேசும்போது பார்வையை வைக்க ஒரு இடம் வேண்டுமே, வைத்துக்கொண்டார், அங்கிருந்தே இத்தனை வருஷமும் அரிசி தீர்ந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, மகனுக்குச் சளி என்று எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மகனுக்கும் பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி வந்துவிட்டது, அம்மாவைக் கொண்டிருக்கிறான். கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிற அன்றைக்கு ஸ்டேஷனில், "அப்பா, எங்கிட்டத்தான் பேசுதீயளா, பின்னால யாராச்சும் நிக்காவளா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். ஆவுடையப்பன் உண்மையிலேயே திரும்பிப் பின்னால் பார்த்தார்.

நாசரேத் போய்விட்டது. வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, தகடு மெல்ல மெல்ல மங்கியது. கேட்டால் என்ன ஆகும். ஆமாம், பார்க்கவில்லை என்பாள். சரி, தெரிந்ததுதானே. அப்புறம் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்க வேண்டும், கேள்வி உண்மையில் அதுதான், அதற்கு முந்தினது சும்மா திண்ணைக்கு ஏறுகிற படி. அதற்கு அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்றால் பொய் என்று தெரியும். ஏதோ நினைத்தேன் என்றால் அந்த ஏதோவை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைப்பது. தினமும் சோற்றுத் தட்டோடு வந்து எதிரே உட்காருமே. கேட்காமலே விட்டுவிட்டால்? அதுவும் வந்து உட்காரும், இப்போதே உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது வயதில் புது மாப்பிள்ளை மாதிரி கை வேர்க்கிறது, சீ. பார்க்கப் போனால் அவளுக்கும்தான் என்ன கிடைத்தது. மினுமினு கன்னத்தைப் படத்தில் காட்டி, கண்ணையும் பிடுங்கிக்கொண்டு, இந்தா புருஷன் என்று கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வெளிச்சம் வந்தபோது இது நின்றது எதிரே. பாவம் என்று நினைத்தார். அவளைத்தான் நினைத்தார், ஆனால் அந்தப் பாவம் போய் நின்றது தன் மேல், அது அவருக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆழ்வார்திருநகரி தாண்டும்போது பெட்டியில் விளக்குகள் எரிந்தன. சொர்ணம் சம்படத்தைத் திறந்து ஒரு முறுக்கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பந்தியில இருந்து ஒரு மாதிரியாவே வாரீய," என்றாள். "என்னன்னு சொன்னாத்தான தெரியும்."

"வடிவு சொன்னது நெசமா?"

அவள் முறுக்கை மறுபடி சம்படத்துக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். "நெசந்தான். ஆறாங் கிளாஸ்ல இருந்தே எனக்குக் கண்ணாடி. சொல்லப்பிடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிட்டா. சொன்னா எங்க அப்பாவப் போலீஸ்ல புடிச்சிருவாவன்னு அப்ப நம்புனேன். அவ்வளவு புத்தி."

"அப்பம் அன்னைக்கு என்னைய நீ பாக்கல."

"வேட்டி வெள்ளையாத் தெரிஞ்சுது. ஆளு தெரியல. நீங்க உங்க அம்மாட்ட ஏதோ பேசுனீய, சத்தம் வந்த பக்கமாப் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "பொறவு கண்ணாடி போட்டுப் பாத்ததும், என்னடா இது இப்படிக் கெடக்குன்னு ஆயிருக்கும்."

"எது?"

"இந்த மூஞ்சிதான்."

"அதா," என்றாள் சொர்ணம், குழம்பில் உப்புக் குறைந்ததைச் சொல்கிற குரலில். "அது கைக்கு முதல் வாரமே தெரிஞ்சிட்டு. நீங்க தூங்கினப் பொறவு தடவிப் பாப்பேன். முழிச்சிருக்கும்போதுதான் கையத் தட்டி விட்டிருவீயள்ளா." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, கம்பிகளுக்கு அப்பால் இருட்டு ஓடியது. "கண்ணாடி வந்த அன்னைக்கு நீங்க எப்ப வருவீயன்னு நடையிலயே நின்னேன். இந்த ஆளு கண்ணு எப்படி இருக்கும், சிரிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு. வந்தீய. ஒரே ஒரு வாட்டி பாத்தீய. சட்டையக் கழட்டுத சாக்குல சுவரப் பாத்துத் திரும்பிட்டீய. அப்பிடியே எம்புட்டு நேரம் நின்னீய தெரியுமா? சரி, கண்ணாடிக்காரியத் தலையில கட்டிட்டானுவன்னு மனசுல விழுந்துட்டு போலுக்குன்னு நானும் உள்ள போயிட்டேன். அதுல உங்களக் குத்தஞ் சொல்ல முடியுமா? ஏமாத்துனது நாங்கதான."

மயில், ஈ, ஆணி. இல்லை சொர்ணம், கண்ணாடிக்காக இல்லை, உன் கண்ணாடியை நான் ஒரு நாளும் ஒரு குறையாக நினைத்ததில்லை, நீ பார்த்துவிடுவாய் என்றுதான், நீ பார்த்துவிட்டுச் சறுக்குவதை நான் பார்க்க வேண்டாம் என்றுதான். எல்லாம் வரிசையாக வந்து வாய்க்குள் நின்றது. இப்போது சொல்ல வேண்டும், இதற்கு மேல் ஒரு ஸ்டேஷன்கூடத் தாங்காது. "அது அப்பிடி இல்ல," என்று தொடங்கினார். அத்தோடு நின்றது.

"இப்பவும் என் பொட்டப் பாத்துத்தான் பேசுதீய," என்றாள் அவள். குரலில் வருத்தம் இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற குரல்.

அவர் பார்வையை அவள் நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். இறக்கும்போதே இது முடியாது என்று தெரிந்தது, இருந்தாலும் இறக்கினார். இப்போது வெயில் இல்லை, தகடு இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தடித்த கண்ணாடிக்கு உள்ளே சின்னதாக இரண்டு கண்கள், தெளிவாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மேலே எரிந்த விளக்கு அவர் முகத்தில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கண்கள் சறுக்கவில்லை. எப்போது சறுக்கும், எப்போது சறுக்கும் என்று காத்திருந்தார், அவை அங்கேயே நின்றன. சறுக்கியது அவர் பார்வைதான். மூக்குத்திக்குப் போனது, அங்கிருந்து பிடிப்பில்லாமல் மேலே ஏறி மறுபடி பொட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

சொர்ணம் அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம். இப்பச் சொல்லுங்க."

"போட்டுக்கோ," என்றார் அவர். "சொர்ணம், போட்டுக்கோ."

"பரவால்ல. இதுதான் உங்களுக்குச் சௌகரியம்."

பெரிய கண்கள், அகலமாகத் திறந்து, இமைக்காமல் அவருக்கு நேராக நின்றன. இத்தனை வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த பார்வை. ஒரு மயிரிழைகூட மாறவில்லை. போட்டுக்கோ என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவள் சொன்னது சரிதான், வார்த்தைகள் தானாக எழுந்து வந்தன. ஆவுடையப்பன் மனைவியை நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஸ்ரீவைகுண்டம் வந்தது, போனது. சத்தம் வந்த பக்கமாகப் பார்த்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.